கட்டளை என்று ஏற்காதவர்கள் ஏன் கடைப்பிடிக்கிறார்கள்? முற்போக்கு யூதம் குறித்து ஒரு கேள்வி

தாழ்வாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முற்போக்கு யூத மரபைச் சேர்ந்த ரபிகள் (யூத சமய ஆசான்கள்) தங்கள் சபையினருக்காக வாரந்தோறும் எழுதும் பிரசங்கங்களைச் சில காலமாகப் படித்து வருகிறேன். யூதரின் மூல வேதமான தோரா சினாய் மலையில் எழுத்துக்கு எழுத்து இறங்கியது என்று இவர்கள் சொல்வதில்லை. பல நூற்றாண்டுகளில் பலர் எழுதித் தொகுத்த நூல் அது என்ற ஆய்வாளர்களின் முடிவை ஒளிவுமறைவின்றி ஏற்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து தொழுகிறார்கள், பெண்கள் ரபிகளாக இருக்கிறார்கள், ஒருபால் இணையர்களின் திருமணத்தையும் பலர் நடத்தி வைக்கிறார்கள். இதுவரை எனக்குத் தடுமாற்றம் ஒன்றும் இல்லை.

புரியாமல் இருப்பது மறுபாதிதான். அதே ரபி, சபாத் என்ற வார ஓய்வுநாளை வரவேற்க வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விளக்கேற்றி விடுங்கள் என்கிறார். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் சொட்டு நீரும் அருந்தாமல் நோன்பிருக்கிறார். வேதம் விலக்கிய இறாலை உண்பதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதவர், தோட்டத் தொழிலாளிக்கு நியாயமான கூலி தராமல் பறிக்கப்பட்ட தக்காளி நம் மேசைக்கு வரலாமா என்று கோஷர் என்ற உணவு விதிகளின் மொழியிலேயே கேட்கிறார். கட்டளையிட்டவர் கடவுள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், 613 கட்டளைகளில் இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரிக்கும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? முதலில் தங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுத்துவிட்டுப் பிறகு அதற்கு வேதத்திலிருந்து மேற்கோள் தேடுகிறார்கள் என்று ஒருவர் குற்றம் சாட்டினால் என்ன பதில் சொல்வார்கள்? ஏளனம் செய்யும் நோக்கம் எனக்கில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தாழ்வாரம் அவர்களுக்கு, கேள்வி நியாயமானது. முற்போக்கு யூதர்களே தங்களுக்குள் இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதுதான். ஆனால், மாறாத சட்டம் ஒன்று இருந்தது, அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் வந்து கலைத்தார்கள் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது, தோராவில் பெரிய இடம் பிடித்திருக்கும் பலிச் சட்டங்களைச் செயல்படுத்த இடமில்லாமல் போனது. பலியின் இடத்தில் தொழுகையையும் படிப்பையும் வைத்து அந்த மதத்தைக் காப்பாற்றியவர்கள் ரபிகள். அதற்கும் முந்தைய ஒரு நிகழ்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஏழாம் ஆண்டில் கடன்களையெல்லாம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் சொல்லும் சட்டம். ஏழையைக் கைதூக்கி விடுவதற்காக ஏற்பட்ட அந்தச் சட்டத்தால், ஏழாம் ஆண்டு நெருங்கும்போதே கையில் பணமுள்ளவர்கள் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஏழைக்கு விதைநெல் வாங்கக்கூட வழியில்லாமல் போனது. ஹில்லேல் என்ற அறிஞர் அப்போது புரோஸ்புல் என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். கடன் கொடுத்தவர் தம் கடன்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் விட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், அவை தனிமனிதரின் கடன்களாகக் கருதப்படாமல் தள்ளுபடியிலிருந்து தப்பிவிடும். வேதத்தில் நேராக எழுதியிருக்கும் ஒன்றை, அதன் நோக்கத்தைக் காப்பதற்காக, ஒரு ரபி செயலிழக்கச் செய்தார். பண்டைய ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா அதை உலகின் நலனுக்காகச் செய்த காரியங்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. முற்போக்கு ரபிகள் இந்த ஹில்லேலை அடிக்கடி துணைக்கு அழைப்பதில் வியப்பில்லை.

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தால்முத்தில் வரும் அக்னாயின் அடுப்புக் கதையையும் அவர்கள் விடுவதில்லை. ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்ற வாதத்தில் ரபி எலியேசர் தனித்து நிற்கிறார். அவர் சொல்வதே சரி என்று மரம் இடம்பெயர்கிறது, வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது, கடைசியில் வானத்திலிருந்து குரலும் கேட்கிறது. ரபி யெகோசுவா எழுந்து நின்று, தோரா வானத்தில் இல்லை என்ற வேத வரியையே அந்தக் குரலுக்குப் பதிலாகச் சொல்கிறார்; பெரும்பான்மையினரின் கருத்தே தீர்ப்பாகிறது. பொருள் சொல்லும் பொறுப்பு மனிதரிடம் இருக்கிறது என்பது மரபுக்குள்ளேயே ஊறிய எண்ணம். பெரும்பான்மைக்கு இணங்காத எலியேசரை விலக்கி வைத்ததையும் அதே கதை சொல்கிறது. அந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் குறைவாகவே காண்கிறோம்.

இனி நவீன காலம். ஹாம்பர்க் நகரில் 1818இல் திறந்த தொழுகை இல்லத்தில் ஆர்கன் இசையும் ஜெர்மன் மொழிப் பிரசங்கமும் இடம்பெற்றன. யூத மதமே வரலாற்றில் வளர்ந்து வந்த ஒன்று, ஆகவே இனியும் வளரலாம் என்ற அடிப்படையை ஆபிரகாம் கைகர் போன்ற அறிஞர்கள் பிறகு வகுத்தார்கள். அமெரிக்காவில் சீர்திருத்த யூதம் என்ற பெயரில் இது வேகம் பிடித்தது. சின்சினாட்டியில் ஹீப்ரு யூனியன் கல்லூரி தன் முதல் ரபிகளுக்குப் பட்டமளித்ததைக் கொண்டாட 1883இல் நடந்த விருந்தில் கோஷர் விதிகள் விலக்கும் சிப்பி, நண்டு, இறால், தவளைக்கால் எல்லாம் பரிமாறப்பட்டன. அவ்விதிகளுக்கு மாறாக இறைச்சிக்குப் பின் பாலில் செய்த ஐஸ்கிரீமும் வந்தது. பன்றி மட்டும் பட்டியலில் இல்லை. எல்லா விலக்குகளையும் விட்டவர்களாலும் அந்த ஒரு விலக்கை விட முடியவில்லை என்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி. இரண்டாண்டு கழித்து, 1885இல், பிட்ஸ்பர்க்கில் கூடிய ரபிகள் ஒழுக்கச் சட்டங்கள் மட்டுமே தங்களைக் கட்டுப்படுத்தும் என்றும், உணவு, உடை, தூய்மை பற்றிய விதிகள் இன்றைய மனநிலைக்கு அந்நியமானவை என்றும் அறிவித்தார்கள்.

நீங்கள் சொல்வது போல் இது வெறும் வசதியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடந்தது வேறு. 1937இல் கொலம்பஸில் வெளியிட்ட அறிக்கை, சபாத், பண்டிகைகள், எபிரேய மொழி ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. 1999இல் மீண்டும் பிட்ஸ்பர்க்கிலேயே கூடியபோது, கட்டளைகள் அனைத்தையும் தொடர்ந்து பயில்வதாகவும், தனிமனிதராகவும் சமூகமாகவும் தங்களை அழைப்பவற்றை நிறைவேற்றுவதாகவும் சொன்னார்கள். முன்னோர் கைவிட்டவையும் அதில் அடங்கும். யோம் கிப்பூர் மாலையில் ஓதும் கோல் நித்ரே இன்னொரு சான்று. நிறைவேற்ற முடியாத நேர்ச்சைகளிலிருந்து விடுவிக்கும் அந்த வாசகம், யூதர்களின் சத்தியத்தை நம்ப முடியாது என்ற பழிச்சொல்லுக்கு இடம் கொடுக்கிறது என்று கருதி, 1844இல் பிரவுன்ஷ்வைக்கில் கூடிய ரபிகள் அது இன்றியமையாதது அல்ல என்றார்கள். பல தொழுகை நூல்களிலிருந்து அது நீங்கியது. அந்த மெட்டைக் கேட்காமல் யோம் கிப்பூர் தொடங்குவதாக மக்களுக்குத் தோன்றவில்லை போலும், இருபதாம் நூற்றாண்டில் வாசகம் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதில், படிப்பிலிருந்து என்பதே. ஒரு வழக்கத்தை விடுவதற்கு முன் அது எதற்காக ஏற்பட்டது, யார் யார் என்ன வாதிட்டார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விடுவது தேர்வு ஆகாது, அலட்சியம். அமெரிக்கச் சீர்திருத்த ரபிகளின் அமைப்பில் ஐயங்களுக்கு மூல நூல்களை ஆராய்ந்து விடை எழுத ஒரு குழு இருக்கிறது. அதில் நெடுங்காலம் எழுதிய சாலமன் ஃபிரீஹாஃப், அந்த விடைகள் வழிகாட்டுவதற்கே, ஆள்வதற்கு அல்ல என்றார். எல்லாச் சபையினரும் இப்படிப் படித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்களா என்று கேட்டால், இல்லை. ரபிகளின் எழுத்தில் பாதி அந்த ஆதங்கம்தான்.

கடற்கரைச்சாலை எழுதியது:

மேலே உள்ள விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆயினும் ஹில்லேலைச் சாட்சிக்கு அழைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஹில்லேல் அந்தச் சட்டம் கடவுளுடையது என்று நம்பினார். நம்பியதால்தான் அதை ஒதுக்கித் தள்ளாமல், சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைத் தேடிப் பத்திரம் எழுதச் செய்தார். கட்டுப்பட்டவன் வழி தேடுவதும், கட்டு இல்லை என்று அறிவித்துவிட்டு வழி வகுப்பதும் ஒன்றாகிவிடாது. பிரஸ்பர்க் நகரின் ரபி மோசே சோஃபர், புதியது எதுவும் தோராவால் விலக்கப்பட்டதே என்று முழங்கியது இந்த அச்சத்தால்தான். அவர் வழி கடுமையானது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் ஜெர்மன் இலக்கியமும் அறிவியலும் கற்பித்துக்கொண்டே சட்டத்தில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்காத சமூகத்தை வளர்த்துக் காட்டினார். எனவே நவீன வாழ்க்கைக்கு ஒரே விடை சீர்திருத்தம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சபாத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மரபுவழி யூதர் ஜெப ஆலயத்துக்கு நடந்துதான் போக வேண்டும்; ஆகவே நடக்கும் தொலைவிலேயே வீடு பார்க்கிறார்கள். அதன் விளைவாக இறைச்சிக் கடை, பள்ளி, நோயுற்றவரைப் பார்க்க வரும் அண்டை வீட்டார், சனிக்கிழமை மதியம் தெருவில் ஒன்றாக விளையாடும் பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடியிருப்பே உருவாகிறது. அமெரிக்காவில் நடுவழியினரான கன்சர்வேடிவ் யூதர்களின் சட்டக்குழு, ஆலயத்துக்கு வருவதற்காக மட்டும் கார் ஓட்டலாம் என்று 1950இல் அனுமதித்தது. புறநகர்களில் சிதறிக் குடியேறியவர்களை ஆலயத்தோடு சேர்த்து வைப்பதே நோக்கம். சிதறல் அதனால் நிலைபெற்றது என்று அந்த மரபுக்குள்ளேயே பின்னாளில் வருந்தியவர்கள் உண்டு. தனிமனிதரின் மனச்சாட்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதனால் ஒரு தெருவை உருவாக்க முடியாது.

பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கில் அமெரிக்க யூதர்களில் 37 விழுக்காட்டினர் தங்களைச் சீர்திருத்த மரபினர் என்றார்கள், மரபுவழியினர் 9 விழுக்காடே. ஆனால் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் மரபுவழியினர் 17 விழுக்காடு. மரபுவழியல்லாத யூதர்களில் 2010க்குப் பின் மணந்தவர்களை எடுத்துக்கொண்டால், 72 விழுக்காட்டினர் யூதரல்லாதவரை மணந்திருந்தார்கள். எண்ணிக்கை உண்மையைத் தீர்மானிக்காது என்று எனக்குத் தெரியும். எனினும் பேரப்பிள்ளை யூதராக இருப்பானா என்ற கவலையைக் குறுகிய மனம் என்று ஒதுக்கும் பிரசங்கங்கள் எனக்கு நிறைவு தருவதில்லை.

தினைப்புனம் எழுதியது:

கடற்கரைச்சாலை அவர்கள் தெருவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கட்டுப்பட்டவன், கட்டு அறுத்தவன் என்ற பிரிவினைதான் அவ்வளவு தெளிவாக இல்லை. ரெஜினா யோனாஸின் வாழ்க்கை அந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகிறது.

1902இல் பெர்லினில் ஏழை வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். பெர்லினின் யூதவியல் உயர்கல்விக்கூடத்தில் படித்து, பெண் ரபியாகப் பணியாற்றலாமா என்ற கேள்வியையே 1930இல் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். இங்கேதான் கவனிக்க வேண்டும்: சமத்துவம் என்ற நவீனக் கொள்கையை முன்வைத்து, பழைய சட்டம் காலாவதியாகிவிட்டது என்று அவர் வாதிடவில்லை. தாமே சபாத்தையும் கோஷரையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். தால்முத்தையும் பிற்காலச் சட்டத் தொகுப்புகளையும் பக்கம் பக்கமாக எடுத்து வைத்து, முன்முடிவும் பழக்கமின்மையும் நீங்கலாகச் சட்டப்படி ஏறத்தாழ எந்தத் தடையும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். ஆய்வேட்டை வழிநடத்திய தால்முத் பேராசிரியர் எட்வர்ட் பானெத் அதற்குச் சில காலத்தில் இறந்துவிட, யோனாஸுக்குச் சமய ஆசிரியர் என்ற சான்றிதழே கிடைத்தது. தாராளவாத (அதாவது முற்போக்கு) யூதத்தின் முதன்மைக் குரலான லியோ பெக்கும் அப்போது அவரை ரபியாக்க முன்வரவில்லை. 1935 டிசம்பர் 27 அன்று ஓஃபன்பாக்கில் ரபி மாக்ஸ் டீனமன் அவரைத் தேர்வு செய்து பட்டமளித்தார். முற்போக்கு என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் தயங்கி நின்றபோது, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாதிட்ட ஒரு பெண் அவர்களைத் தாண்டிச் சென்றார் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அவருக்குக் கிடைத்த பணியிடங்கள் முதியோர் இல்லங்களும் மருத்துவமனையும்தான். நாஜி ஆட்சியில் ரபிகள் பலர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே வேறு ஊர்ச் சபைகளிலும் பேச வாய்ப்புகள் வந்தன. 1942 நவம்பரில் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் நடத்திய மனநலக் குழுவில் சேர்ந்து, ரயிலில் வந்திறங்குபவர்களை எதிர்கொண்டு அவர்கள் அதிர்ச்சியைத் தணிக்கும் வேலையைச் செய்தார். முகாமில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் தலைப்புகள் கொண்ட பட்டியல் இன்றும் இருக்கிறது: வேதத்தில் பெண்கள், தால்முத், பண்டிகைகள் என்று அது நீள்கிறது. 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரோடு தெரேசியன்ஸ்டாட் முகாமில் இருந்து உயிர் பிழைத்த பெக், போருக்குப் பின் அவரைப் பற்றி வெளியில் பேசியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1972இல் சாலி பிரீசாண்ட் ரபியானபோது, உலகின் முதல் பெண் ரபி என்றே பலர் எழுதினார்கள். பெர்லின் ஆவணக் காப்பகம் ஒன்றில் யோனாஸின் தாள்கள் கண்டெடுக்கப்பட்டது 1991இல்தான். மனச்சாட்சி முதலில், மேற்கோள் பின்பு என்ற குற்றச்சாட்டைத் தாழ்வாரம் அவர்கள் கேட்டிருந்தார்கள். யோனாஸின் மனம் முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை, தாம் ரபியாக வேண்டும் என்று விரும்பியவர்தானே. ஆனால் அவரை எதிர்த்தவர்களின் மனமும் சாய்ந்தே இருந்தது, அவர்களைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தேரிக்காரன் எழுதியது:

இந்த விவாதம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மட்டும் சுற்றுகிறது. இந்தியாவிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. மும்பையின் பெனே இஸ்ரேல் என்ற யூத சமூகத்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராட், லண்டனில் மேற்படிப்புப் படித்தபோது, லில்லி மாண்டகு என்ற பெண்மணி முன்னின்று வளர்த்த தாராளவாத யூத இயக்கத்தோடு பழகினார். மாண்டகு ரபி பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் பிரசங்கம் செய்தார், தொழுகையை நடத்தினார், 1926இல் லண்டனில் முற்போக்கு யூதத்தின் உலகச் சங்கம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தார். ஜிராட் ஊர் திரும்பி 1925இல் மும்பையில் யூத சமய ஒன்றியத்தை ஏற்படுத்தினார். ரோதெஃப் ஷாலோம் ஆலயம் அந்த வழியில் வந்தது.

பெனே இஸ்ரேலர்களின் சமயம் நூலிலிருந்து வந்ததைவிட வீட்டிலிருந்து வந்தது அதிகம். கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால், சனிவாரத் தேலி, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றே ஊரார் அழைத்தார்கள். நேர்ச்சை நிறைவேறினால் எலியா தீர்க்கதரிசியை நினைத்து மலிதா என்ற சடங்கு செய்வார்கள்: நனைத்த அவலில் சர்க்கரையும் துருவிய தேங்காயும் கலந்து தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எபிரேயத்தில் ஓதிவிட்டுப் பங்கிட்டு உண்பார்கள். தால்முத்தில் எங்கும் இல்லாத வழக்கம் இது. எந்த ரபியும் கட்டளையிடாமலேயே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது.

இவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெனே இஸ்ரேலர் வேறு யூதரை மணக்க வந்தால் தாய்வழி முன்னோரை இயன்றவரை பின்னோக்கி விசாரிக்க வேண்டும் என்று தலைமை ரபி அலுவலகம் 1962இல் ஆணையிட்டது. இவர்கள் எருசலேமில் கூடிப் போராடினார்கள். 1964இல் நாடாளுமன்றம் வரை விவகாரம் சென்ற பிறகே அலுவலகம் இறங்கி வந்தது. ஆகவே கடற்கரைச்சாலை அவர்களே, சட்டம் தெருவை உருவாக்குவது உண்மைதான், அந்தத் தெருவுக்குள் யாரை விடுவது என்று வாசலில் நின்று தீர்மானிப்பதும் அதே சட்டம்தான்.

தாழ்வாரம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. யோனாஸைப் பற்றி இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைசிப் பதிவைப் படித்ததும் ஒரு துணைக்கேள்வி எழுகிறது. தாய் யூதராக இல்லாமல் தந்தை மட்டும் யூதராக இருக்கும் பிள்ளையை முற்போக்கு மரபினர் ஏற்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் ஒரு மரபு யூதர் என்று சொல்பவரை இன்னொரு மரபு இல்லை என்று சொல்லுமா? நடைமுறையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சொல்லும், சொல்லிக்கொண்டும் இருக்கிறது. அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் 1983இல் எடுத்த முடிவின்படி, தாய் தந்தையரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் பெயர்சூட்டல், கல்வி, பார் மிட்ஸ்வா என்ற பருவச் சடங்கு போன்றவற்றின் வழியாக யூத வாழ்க்கையை வெளிப்படையாக ஏற்றால், அவர் யூதரே. தாய் யூதராக இருந்தாலும் இந்த ஈடுபாட்டை எதிர்பார்க்கிறார்கள் என்பதால், பிறப்பு மட்டும் போதும் என்ற பழைய விதியைவிட ஒருவகையில் இது கடினமானது. மரபுவழியினரும் கன்சர்வேடிவ் மரபினரும் இதை ஏற்கவில்லை. எனவே இத்தகைய குடும்பத்து இளைஞர் மரபுவழிப் பெண்ணை மணக்க விரும்பினால், பிறந்தது முதல் யூதராகவே வளர்ந்தவர் மதம் மாறும் சடங்கைச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். சிலர் அதற்கு இணங்குகிறார்கள், சிலர் அவமானமாக எண்ணி மறுக்கிறார்கள். இப்படி வருபவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதில் முற்போக்கு ரபிகளிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை.

இஸ்ரேலில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கேயே சீர்திருத்த அல்லது கன்சர்வேடிவ் முறையில் மதம் மாறியவர்களுக்கும் குடியுரிமைச் சட்டப்படி யூதர் என்ற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆனால் யூதர்களின் திருமணப் பதிவு இன்னமும் தலைமை ரபி அலுவலகத்தின் கையில் இருக்கிறது, அது இந்த மதமாற்றங்களை ஏற்பதில்லை. ஆகவே கடவுச்சீட்டு தரும் அரசு அலுவலகத்தில் யூதராக இருப்பவர், திருமணத்துக்கு விண்ணப்பிக்கும் அலுவலகத்தில் யூதர் ஆவதில்லை. பலர் சைப்ரஸுக்குச் சென்று பதிவுத் திருமணம் செய்துகொண்டு வருகிறார்கள், அதை அரசு பதிவு செய்துகொள்கிறது. முற்போக்கு ரபிகள் நாடு திரும்பிய இணையருக்குத் திருமண விதானத்தின் கீழ் சடங்கை முழுமையாக நடத்தி வைக்கிறார்கள், அதற்குச் சட்டப்படி மதிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தே.